இறங்கும்போது ஐந்தில் நிற்காது

ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்த மோட்டார் அறையில், மின்தூக்கி மெக்கானிக் மண்டியிட்டு அமர்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கட்டடச் சங்கத்தின் செயலாளர் இடுப்பில் கைவைத்தபடி நின்றார்.

"நேத்து வந்தீங்க, கிரீஸ் போட்டீங்க. இன்னைக்குக் காலையில நாலாவது மாடியில நின்னுபோச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?"

"நீங்க குடையை எடுத்துட்டு வந்ததாலதான் மழை பேஞ்சுதுன்னு நான் சொன்னா ஒத்துக்குவீங்களா சார்?"

"வாய் நல்லாத்தான் பேசுது. மோட்டார்தான் பேச மாட்டேங்குது."

"அதுவும் பேசும் சார். கேளுங்க."

மெக்கானிக் தம் கைப்பேசியை எடுத்தார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தம் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு கட்டடத்திலும் மாதம் ஒருமுறை மோட்டாரின் ஓசையை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வார். பதிவின் தொடக்கத்தில் தேதி, கட்டடத்தின் பெயர், அப்போது மின்தூக்கியில் ஏறியிருப்பவர் எத்தனை பேர் என்னும் மூன்றையும் தம் குரலாலேயே சொல்லிவிடுவார். இரண்டு மாதத்திற்கு முந்தைய பதிவு அறையில் ஒலித்தது. மோட்டாரின் ரீங்காரத்துக்கு அடியில், மெல்லிய கீச்சொலி ஒன்று இழையோடியது.

"இந்தக் கீச்சு ரெண்டு மாசமா இருக்கு. பேரிங் மாத்தணும்னு எழுதிக் கொடுத்தேன். கீழ உங்க கையெழுத்து இருக்கு. இந்தத் தொழில்ல கடைசியாத் தொட்டவன்தான் சார் எப்பவும் குத்தவாளி."

செயலாளர் பேச்சை மாற்றி, பேரிங் எப்போது வரும் என்று கேட்டார்.

இந்த வெற்றியை மனைவியிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்னும் ஆவலோடுதான் அன்று மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்தார். சொல்லவும் செய்தார். பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி, தையல் எந்திரத்தின்முன் அமர்ந்து, மகளின் சட்டைக் கை ஒன்றைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்; சிரிக்கவும் செய்தாள். பின்னர், எந்திரத்தின் ஊசிக்கு அடியில் பறக்காமல் வைத்திருந்த தாள் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

அவர்களுடைய மகளுக்கு ஆறு வயது. வீட்டில் அவளைப் 'பட்டாணி' என்று அழைப்பார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தை. எண்களைத் தவிர வேறு சொற்கள் அவள் வாயிலிருந்து வருவது அரிது. அவளைப் போன்ற குழந்தைகளுக்கான பள்ளியிலிருந்து அந்தக் கடிதம் வந்திருந்தது. பள்ளியின் மறு பகுதியில் இரண்டு குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டிருக்கிறது. ஒரு குழந்தை நுரையீரல் அழற்சியோடு மருத்துவமனையில் இருக்கிறது. தடுப்பூசியின் இரண்டாம் தவணையைப் போட்டுக்கொள்ளாத பிள்ளைகள் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். ஒப்புதல் படிவத்தில் தாய் தந்தை இருவருடைய கையொப்பமும் வேண்டும்.

தாயின் இடத்தில் கையொப்பம் ஏற்கெனவே இருந்தது.

"நீ போட்டுட்டியா?" என்றார் அவர்.

"போட்டுட்டேங்க."

"மொதல் ஊசிக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு மறந்துபோச்சா? ஒண்ணேகால் வயசு. 'மேல மேல'ன்னு பேசிட்டு இருந்த புள்ள. ஊசி போட்டாங்க. பேச்சு போச்சு. நான் என் கண்ணால பார்த்தேன்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்தச் செயலாளர் மாதிரியே பேசுறீங்க."

"எந்தச் செயலாளர்?"

"இப்பச் சொன்னீங்களே, அவரு. நேத்துத் தொட்டீங்க, இன்னைக்கு நின்னுபோச்சுன்னு."

"அது மோட்டாரு! இது நம்ம பொண்ணு!"

"அதான் நானும் சொல்றேன். மோட்டாருக்கு இருக்குற நியாயம் பொண்ணுக்கு வேண்டாமா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவருடைய அக்காள் தொலைபேசியில் அழைத்தாள். பள்ளிக் கடிதத்தைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது தெய்வத்துக்கே வெளிச்சம்.

"தம்பி, அந்த ஊசி மட்டும் வேண்டாம்டா. எனக்கு ஒரு செய்தி வந்திருக்கு, உனக்கும் அனுப்புறேன். படிச்சா ஈரக்கொலையே நடுங்குது."

"யாருக்கா எழுதினது?"

"யாரோ எழுதியிருக்காங்க, அது எதுக்கு உனக்கு? பதினஞ்சு பேருக்கு அனுப்பச் சொல்லிப் போட்டிருக்கு. நான் இருபது பேருக்கு அனுப்பிட்டேன்."

குரல் ஒலிபெருக்கி இல்லாமலே அறை முழுவதும் கேட்டது. அழைப்பு முடிந்ததும் மனைவி, "உங்க அக்காவுக்கு டாக்டர் பட்டமும் போன்லயே வந்திருக்கா, இல்ல அது அடுத்த செய்தியில வருமா?" என்றாள். பட்டாணி சுவரோரம் அமர்ந்து, தையல் அளவு நாடாவை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமையன்று இருவரும் மருத்துவரைப் பார்க்கச் சென்றனர். குழந்தையை எதிர்வீட்டு அம்மையாரிடம் விட்டிருந்தார்கள். காரணமின்றி அவ்வாறு விடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குமுன் இரத்தம் எடுப்பதற்காக அவளை ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் சென்றபோது, 'ஒண்ணும் இல்ல, சும்மா பார்க்கப் போறாங்க' என்று இருவருமே சொல்லிவைத்திருந்தனர். பின்னர் மூன்று பேர் பிடிக்க, இடக்கையின் சட்டையை இறுக்கி மேலே தள்ளி, ஊசி குத்தினார்கள். அன்று முதல் வெள்ளை மேலங்கியைக் கண்டாலே அவள் தரையில் படுத்துவிடுவாள்; இடத்தோளைப் பிடிக்கும் சட்டை எதையும் அணியமாட்டாள்.

மருத்துவரான அம்மையார் மெக்கானிக்கின் குற்றச்சாட்டை இடைமறிக்காமல் கேட்டார்.

"பல நாடுகள்ல லட்சக்கணக்கான குழந்தைகளை வருஷக்கணக்காப் பார்த்தாச்சுங்க. ஊசி போட்டவங்க, போடாதவங்க, ரெண்டு பக்கமும் ஆட்டிசம் ஒரே அளவுலதான் வருது. ஊசி காரணம் இல்ல."

"என் பொண்ணு அந்த லட்சத்துல இல்லையே டாக்டர்."

"இல்லதான். ஆனா சில குழந்தைகளுக்கு அந்த வயசுலதான் வந்த பேச்சு மறையுது. ஊசி போடுற வயசும் அதுதான். பக்கத்துல பக்கத்துல வர்றதால ஒண்ணுக்கு ஒண்ணு காரணம்னு தோணுது. ஊசி போட்டா காய்ச்சல் வரலாம், லேசாத் தடிப்பு வரலாம். அதை நான் மறைக்கல. ஆனா தட்டம்மை வந்தா மூளைக் காய்ச்சல் வரைக்கும் போகலாம். ஒரு தவணை போட்ட எல்லாருக்கும் முழுப் பாதுகாப்பு கிடைச்சிருக்கும்னு சொல்ல முடியாது."

"ஊசிக்கு முந்தின நாள் வரைக்கும் அவ பேசினா. என்னால காட்ட முடியும்."

"காட்டுங்க. நானும் பார்க்கணும்" என்றார் மருத்துவர். அக்குரலில் ஏளனம் இல்லை. அதனாலேயே அது மெக்கானிக்கை உறுத்தியது.

காட்ட முடியும் என்று அவர் சொன்னது வெறும் வாய்ச்சவடால் அன்று. அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் மின்தூக்கியையும் அவரே பராமரித்து வந்தார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழிருந்து ஆறாவது மாடி வரை சென்று, ஓடும் ஓசையைப் பதிவு செய்வது அவர் வழக்கம். அந்தப் பழைய பதிவுகளில் மகளின் குரல் இருக்கும். உடைந்த கண்ணாடியோடு ஒரு பழைய கைப்பேசி அலமாரிக்குள் கிடந்தது. மறுநாள் ஞாயிறு. காலை உணவு முடிந்ததும், அதை மின்னேற்றி மேசைமேல் வைத்து, வழக்குமன்றத்தில் சாட்சியைக் கூண்டில் ஏற்றுபவரைப் போல மனைவியை எதிரே அமரச் சொன்னார். தடுப்பூசி அட்டையையும் பக்கத்தில் விரித்து வைத்தார். முதல் ஊசி போட்ட நாள் ஜூன் பன்னிரண்டு என்று அதில் எழுதியிருந்தது.

"பிப்ரவரி நாலு. நம்ம கட்டடம். ரெண்டு பேர், நானும் பட்டாணியும்" என்று ஐந்தாண்டுக்கு முந்தைய அவர் குரல் தொடங்கிற்று. கதவு மூடும் ஓசை. மோட்டாரின் ரீங்காரம். அதன்மேல் ஒரு குழந்தையின் குரல்: "மேல! மேல! மேல!"

மனைவி புடைவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் குரலை அவர்கள் ஐந்து ஆண்டுகளாகக் கேட்டதில்லை.

"கேட்டியா?" என்றார் அவர். மார்ச்சுப் பதிவைப் போட்டார். அதிலும் 'மேல' இருந்தது. ஒரே ஒரு முறை.

"ஏப்ரல் ஒண்ணு. நம்ம கட்டடம். ரெண்டு பேர்." ரீங்காரம். ஒவ்வொரு மாடியையும் கடக்கும்போது 'டக்' என்னும் ஓசை. வேறொன்றும் இல்லை.

"தூங்கியிருப்பா" என்றார் மெக்கானிக்.

"மே ஆறு. நம்ம கட்டடம். ரெண்டு பேர்." ரீங்காரம். பின்னர் அவர் குரல்: "பட்டாணி, எங்க போறோம்? மேல... சொல்லு. பட்டாணி? அம்மாடி, இங்க பாரு. பட்டாணி... ஏய், பட்டாணிக்குட்டி..." ஒன்பது முறை அழைத்திருந்தார். இறுதியில் ஒரு சிரிப்பு: "மோட்டார் சத்தத்துல அப்படியே சொக்கிப்போயிட்டா, அப்பன் மாதிரியே!"

ஜூன் மூன்றாம் தேதிப் பதிவிலும் அவர் அழைத்துக்கொண்டே இருந்தார். ஊசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

மெக்கானிக் கைப்பேசியை அணைத்தார். மீண்டும் இயக்கி, மே மாதத்தை மறுபடி கேட்டார். தம் காதையே நம்பாதவர்போல் மூன்றாம் முறையும் கேட்டார். தாம் சிரித்த அந்த இடம் வந்தபோது, கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"ரெண்டு மாசமாக் கீச்சு இருந்திருக்கு. நான்தான் கேட்கல" என்றார்.

"என் பொண்ணு என்ன பழுதான பேரிங்கா?" என்றாள் மனைவி. கோபமாகத்தான் தொடங்கினாள், ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

அவர் தம் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார். "தப்பாச் சொல்லிட்டேன். அவ பழுது இல்ல. அவ வேற மாடல். கூட வர்ற குறிப்புப் புத்தகத்தைத்தான் நமக்கு யாரும் கொடுக்கல. அழாத."

"அதுக்கு அழலைங்க." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும். அவ திரும்பிப் பார்க்கறதை முன்னாடியே நிறுத்திட்டா. நான் கவனிச்சேன்."

"தெரியுமா? அப்புறம் ஏன் இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லல?"

"மார்ச் மாசம் நடுவுலதான் நான் மறுபடி வேலைக்குப் போனேன். ஊசி இல்லைன்னா அப்புறம் நான்தானே? நான் விட்டுட்டுப் போனதாலதான்னு ஆயிடும்ல? நீங்க ஊசியைத் திட்டினப்பல்லாம், திட்டட்டும், ஊசிக்கு வலிக்காதுன்னு சும்மா இருந்துட்டேன்."

ஐந்து ஆண்டுகளாகத் தம் வீட்டில் ஊசி ஒன்று குற்றவாளிக் கூண்டில் நின்றதையும், அதன் பின்னால் மனைவி மறைந்து நின்றதையும் அவர் அப்போதுதான் உணர்ந்தார். அவளைத் தேற்றுவதற்குரிய சொற்களைத் தேடினார்; தம் தொழிலில்தான் அவருக்குச் சொற்கள் கிடைத்தன.

"இப்ப நீயும் அந்தச் செயலாளர் ஆயிட்ட. வேலைக்குப் போனேன், பேச்சு நின்னுச்சுன்னு. டாக்டரம்மா சொன்னாங்கல்ல, பக்கத்துல பக்கத்துல வருதுன்னு. நீயும் காரணம் இல்ல. நானும் இல்ல. ஊசியும் இல்ல. போதுமா?"

அவள் தலையசைத்தாள். அவர் பேனாவை எடுத்து, தந்தைக்குரிய இடத்தில் கையொப்பமிட்டார். பிறகு, "போடறதுன்னு முடிவாயிடுச்சு. எப்படிப் போடப்போறோம்?" என்றார். அது முதல் கேள்வியைவிடக் கடினமானதாக இருந்தது.

"இந்தத் தடவை பொய் சொல்ல வேண்டாங்க" என்றாள் அவள்.

பட்டாணிக்கு எதிர்பாராதது எதுவும் பிடிக்காது. அடுத்து என்ன வரும் என்பது தெரிந்திருந்தால் எதையும் தாங்கிக்கொள்வாள். மின்தூக்கியை அவள் விரும்பியதும் அதனால்தான். நான்குக்குப் பிறகு ஐந்துதான் வரும் என்பதில் அங்கே ஐயத்துக்கு இடமில்லை. இதை நினைத்துக்கொண்டிருந்த மெக்கானிக், திங்கட்கிழமை மாலையில் பழைய பொத்தான் பலகை ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். ஏதோ ஒரு கட்டடத்தில் கழற்றிப் போட்ட ஆறு மாடிப் பலகை அது. பின்புறம் மின்கலம் ஒன்றைப் பொருத்தி, அழுத்தினால் ஒவ்வொரு பொத்தானும் ஒளிரும்படி செய்தார். மனைவி, துணித் துண்டுகளில் படங்களைத் தைத்து, பொத்தான்களுக்கு அருகே ஒட்டினாள். கீழ்த்தளம் வீடு. ஒன்று செருப்பு. இரண்டு பேருந்து. மூன்று காத்திருக்கும் நாற்காலி. நான்கு சட்டைக் கையைத் திறந்து குளிர்ந்த பஞ்சால் துடைப்பது. ஐந்து ஊசி. ஆறு பஞ்சை அழுத்திக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பது. சட்டையின் இடக்கையையும் தோளிலிருந்து முழங்கை வரை பிரித்து, அழுத்து பொத்தான்கள் வைத்துத் தைத்தாள். இனி அதை யாரும் இறுக்கி மேலே தள்ள வேண்டியதில்லை.

நான்கு நாள்கள் ஒத்திகை நடந்தது. ஊசி போடும் வரை பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். ஐந்தாம் பொத்தான் ஒளிரும்போதெல்லாம் தாய், "வலிக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு எண்றதுக்குள்ள முடியும்" என்று சொல்லி, மூடிய பேனாவின் நுனியால் தோளை அழுத்துவாள். முதல் நாள் பட்டாணி பலகையைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். இரண்டாம் நாள் நான்கு வரை வந்தாள். மூன்றாம் நாள் ஐந்தைத் தானே அழுத்தினாள். ஆறுக்கு வந்ததும் தந்தை மின்கலத்தைக் கழற்றிப் பலகையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை. மருத்துவமனையின் நடைவழி ஓரத்தில் ஒரு சிறிய அறை. வெள்ளை மேலங்கி இன்றி வருமாறு மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், செவிலியர் நீலச் சட்டை அணிந்திருந்தார். பட்டாணி தந்தையின் மடியில் அமர்ந்திருந்தாள். அவள் மடியில் பலகை. நான்கு ஒளிர்ந்தது. அவள் தன் சட்டைக் கையின் பொத்தான்களைத் தானே விடுவித்தாள்.

"ரொம்ப சமர்த்து! வலிக்கவே வலிக்காது கண்ணு" என்றார் செவிலியர்.

"வலிக்கும்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றாள் தாய் அவசரமாக.

"எங்க வேலையில நாங்க அப்படிச் சொல்றதே இல்லையேம்மா!"

"இன்னைக்கு மட்டும் சொல்லுங்க. நாலு நாளா நாங்க அதைத்தான் சொல்லிட்டு இருக்கோம். மாத்திச் சொன்னா எங்களை நம்ப மாட்டா."

செவிலியர் குழந்தையின் முன் குனிந்தார். "சரி. வலிக்கும்டா கண்ணு. மூணு எண்றதுக்குள்ள முடிஞ்சுடும்."

பட்டாணி ஐந்தை அழுத்தினாள். அது ஒளிர்ந்தது. ஊசி ஏறியபோது அவள் உடல் முழுவதும் விறைத்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அழுகையோடு கத்தினாள். மூன்று முடிந்தபோது ஊசியும் முடிந்திருந்தது. யாரும் அவளைப் பிடிக்கவில்லை. கன்னங்களில் நீர் வழிய, விம்மிக்கொண்டே அவள் ஆறை அழுத்தினாள்.

அரைமணி நேரம் அமைதியாகக் கழிந்தது. தாய் பெருமூச்சு விட்டு எழுந்தாள். தந்தை, வழக்கம்போல், பலகையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

பட்டாணி கொடுக்கவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அதன்பின் தன் இடத்தோளைச் செவிலியர் பக்கமாகத் திருப்பி, ஐந்தாம் பொத்தானின்மேல் விரலை வைத்தாள்.

இருவரும் திகைத்துப்போயினர். ஏறுவதை மட்டுமே அவர்கள் ஒத்திகை பார்த்திருந்தார்கள். வீட்டில் ஒத்திகை முடிந்தபின் அவள் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. இப்போதோ ஆறாவது மாடியில் இருக்கிறாள்; வீடு கீழ்த்தளத்தில் இருக்கிறது. இறங்க வேண்டும் என்றால் ஐந்தைத் தாண்டித்தானே இறங்க வேண்டும்?

"ஐயோ, ரெண்டாவது ஊசிக்கும் கை நீட்டுறாளே!" என்றார் செவிலியர். "பெரியவங்க மொத ஊசிக்கே ஓடிடுறாங்க!"

"ஏங்க, ஏதாவது பண்ணுங்க" என்றாள் தாய். "நீங்கதானே லிஃப்ட் மெக்கானிக்!"

மெக்கானிக் ஒரு கணம் கண்ணை மூடி யோசித்தார். "இறங்கும்போது அஞ்சுல நிக்காது பட்டாணி" என்று சொல்லிவிட்டு, பலகையின் பின்புறம் கைவிட்டு, ஐந்தாம் பொத்தானுக்குப் போகும் கம்பியை உருவி எடுத்தார்.

விளக்கு எரியாத தளத்தில் மின்தூக்கி நிற்காது என்பது பட்டாணிக்குத் தெரியும். ஆயினும் அவள் எதையும் சோதிக்காமல் ஏற்பவள் அல்லள். ஐந்தை அழுத்தினாள். எரியவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். பின்னர் நான்கை அழுத்தினாள், அது எரிந்தது. செவிலியர் குறிப்பறிந்து, குளிர்ந்த பஞ்சால் மறுபடி ஒருமுறை துடைத்துவிட்டார். குழந்தை சட்டைக் கையின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டாள். மூன்று ஒளிர்ந்தது, வெளியே சென்று காத்திருக்கும் நாற்காலியில் மூவரும் முறைப்படி சிறிது நேரம் அமர்ந்தார்கள்.

அங்கே அமர்ந்தபோதுதான் பட்டாணி பலகையைத் தந்தையின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். எரியாத பொத்தானை விரலால் தட்டினாள்.

"அஞ்சு" என்றாள், கண்டிப்பான குரலில். "அஞ்சு!"

நேற்று வரை எரிந்தது, நீ தொட்டாய், நின்றுவிட்டது என்னும் அந்தப் புகாரை மெக்கானிக் தம் தொழிலில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறார், ஒருமுறையும் ஒப்புக்கொண்டதில்லை.

அவர் மனைவி அவர் தோளில் சாய்ந்து சிரித்தாள். "இந்தத் தடவை நீங்க தொட்டதுதாங்க காரணம்."

"ஆமா தாயே" என்று மகளிடம் ஒப்புக்கொண்ட மெக்கானிக், சட்டைப் பையிலிருந்து கம்பியை எடுத்துக் காட்டினார். "வீட்டுக்குப் போனதும் மாட்டித் தர்றேன்."

பட்டாணி அந்தக் கம்பியைச் சற்று நேரம் ஆராய்ந்தாள். அவர் அதை மறுபடியும் பைக்குள் போடும் வரை கண்ணெடுக்காமல் பார்த்திருந்துவிட்டு, இரண்டை அழுத்தி, பேருந்துக்காக எழுந்து நின்றாள்.